வாசல் கழுவிய சனிக்கிழமை

1

“உங்கள் வீட்டு டிரைவ்வேயில், சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும்படி, ரத்தம் போன்ற சிவப்புக் கறை இருப்பதாகக் குடியிருப்போர் ஒருவர் தெரிவித்துள்ளார். பதினான்கு நாட்களுக்குள் அதை நீக்கிவிட்டு எங்களுக்கு எழுதவும்.”

எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து, அக்டோபர் மூன்றாம் வாரச் செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தின் சாரம் இது. வந்த தேதியை வழக்கம்போல் வலது மூலையில் பென்சிலால் குறித்து வைத்தேன். எந்தக் காகிதம் வந்தாலும் அப்படிச் செய்வது என் பழக்கம். அமெரிக்கா வந்த நாளிலிருந்து நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதியும் வருகிறேன். பெரிதாக ஒன்றும் நடந்ததில்லை; ஆனாலும் எழுதியது எதுவும் பொய்யாக இருக்கக் கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

உண்டு என்று எழுதிவிட்டேன். இருந்தது என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

2

டிரைவ்வே என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தெருவிலிருந்து, கார் நிறுத்தும் அறை வரைக்கும் போகும் சிமெண்டுத் தளம். எங்களுடையது இரண்டு கார் அகலம். அதைப் பராமரிப்பது ஆண்டு முழுக்க உள்ள வேலை. பனி விட்டதும் வெடிப்புகளில் முளைக்கும் புல்லைப் பிடுங்க வேண்டும். வெயில் காலத்தில் அந்த வெடிப்புகளைப் பசை வைத்து அடைக்க வேண்டும். பிறகு இலை வாருதல். பிறகு மறுபடி பனி, மண்வெட்டி, உப்பு. காரிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும், வளர்ப்புப் பூனைகளின் கழிவுக்கு விற்கும் மணலைத் தூவி உறிஞ்ச வைப்பேன். மனைவிக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. “ஐசியூவைக்கூட இப்பிடித் தொடைக்க மாட்டாங்க” என்பாள்.

ஆகஸ்டில் அக்கா வந்தாள். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் பிறந்து, நாமக்கல்லுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். மச்சான் இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. நான்தான் வற்புறுத்தி வரவழைத்தேன். வந்த மறுநாள் காலையில் அந்தச் சிமெண்டுத் தளத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

“ஏஞ்சாமி, இத்தாப்பெரிய வாசல வெச்சுக்கிட்டு ஒரு சொட்டுத் தண்ணி தெளிக்கறதில்லியா?”

“இது வாசல் இல்லக்கா. டிரைவ்வே. கார் நிறுத்தறதுக்கு.”

“எங்கூட்டு வாசல்ல பன்னண்டு டயரு லாரியே நின்னுச்சு. அதுக்காக அத வாசல் இல்லீனு சொன்னமா?”

பதினேழு வயதான என் மகள் தாரணிக்கு இது பிடித்துப்போயிற்று. அதுவரைக்கும் என்னோடு தமிழில் பேச வேண்டியிருந்தால் “ம்” என்றும் “சரி” என்றும் முடித்துக்கொள்பவள், அன்றிலிருந்து டிரைவ்வேயை வாசல் என்றாள். செப்டம்பரில், “அப்பா, நா ஊட்டுக்கு வர லேட்டாகும்” என்று தொலைபேசியில் சொன்னாள்.

“ஊடு இல்ல, வீடு” என்று திருத்தினேன்.

ஊடு என்று நான் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று என்பதற்கு மட்டும் என்னிடம் குறிப்பு இல்லை.

3

கறை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சங்கத்துக்கு இதை நான் சொல்லவில்லை.

தாரணி அந்த மாதம்தான் ஓட்டுநர் உரிமம் வாங்கியிருந்தாள். ஒரு பழைய சிறிய காரை வாங்கிக் கொடுத்திருந்தோம். ஆயுத பூசை வந்தது. நாமக்கல்லில் ஆயுத பூசை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரிகளைக் கழுவிச் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். உடைத்த பூசணிக்காய்களில் இரு சக்கர வண்டிகள் வழுக்கி விழும். மச்சான் தன் லாரிக்கு உடைக்கிற பூசணிக்காயின் சிதறல் எதிர் வீட்டுக் கதவு வரை போகும். உடைத்து முடித்ததும் அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். போன வருடம் மகன் உடைத்தபோது அக்கா உள் அறையில் இருந்தாளாம். யாரும் இருக்கச் சொல்லவில்லை. வெளியே வரச் சொல்லவும் இல்லை.

இங்கே அந்தப் பருவத்தில் வீட்டுக்கு வீடு படியில் மஞ்சள் பூசணிக்காயில் கண், மூக்கு வெட்டி வைத்திருப்பார்கள்.

“பரவால்லியே, இங்கீமு கண்ணேறு பாக்கறாங்களா?” என்றாள் அக்கா. “என்னிக்கு ஒடப்பாங்க?”

“உடைக்க மாட்டாங்க அத்தை. அழுகுனதும் வீசிடுவாங்க” என்றாள் தாரணி.

“ஒடைக்காட்டித் திருட்டி எப்பிடிப் போகும்? ஊருக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்குமல்லோ?”

வெண்பூசணி கிடைக்கவில்லை. மஞ்சள் பூசணியிலேயே மேல் மூடியை வெட்டி, மஞ்சளும் குங்குமமும் காசும் போட்டுத் தயார் செய்தாள். நான் உள்ளே கணினியில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்க்க முடிந்தது, கேட்கவும் முடிந்தது.

“உங்கொப்பனக் கூப்புடு. ஆம்பள ஒடைக்கோணும்.”

“அப்பா மீட்டிங்ல இருக்காங்க. நீங்களே ஒடைங்க அத்தை.”

“நானா? நா ஒடைக்கக் கூடாது கண்ணு.”

“ஏன்?”

அக்கா தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. கற்பூரத்தை ஏற்றினாள். காரை மூன்று முறை சுற்றினாள். பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி, என்ன வேகத்தில் போட்டாள் என்றால், கார் அறையின் கதவு வரைக்கும் தெறித்தது. தாரணி கை தட்டினாள். அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள். மச்சான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் பார்த்தது கதவில் தெறித்திருந்ததையும்தான்.

4

அன்று சாயங்காலமே துணி துவைக்கும் பவுடரைக் கொட்டித் தேய்த்தேன். அதுவரைக்கும் இளமஞ்சளாக ஏதோ சிந்தியது போலத்தான் இருந்தது. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும். மஞ்சள் பட்ட வேட்டியைத் துவைத்த வீட்டில் வளர்ந்த எவனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது வேட்டி, இது டிரைவ்வே என்று என் மூளை தனித்தனியாக வைத்திருந்தது போலிருக்கிறது. தேய்க்கத் தேய்க்க ஒரு கட்டில் அகலத்துக்கு ரத்தச் சிவப்பாக விரிந்தது.

“நல்லாத் தேய்ச்ச போ!” என்று அக்கா சிரித்தாள். “கெடா வெட்டுன எடமாட்ட ஆயிப்போச்சு.”

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை அந்த நேரம் நாயோடு வந்தார். எல்லாம் நலம்தானே என்று கேட்டார். கண்ணேறு என்பதை விளக்கத் தெரியாமல், “என் அக்கா கண்ணுக்காகப் பூசணிக்காய் உடைத்தார்” என்று அவர் மொழியில் சொன்னேன். அவர் மிகவும் வருந்தினார். இரண்டு நாள் கழித்து, ‘உங்கள் கண் விரைவில் குணமாகட்டும்’ என்று பூப்படம் போட்ட வாழ்த்து அட்டை அக்காவின் பெயருக்கு வந்தது. அக்காவுக்கு உண்மையிலேயே ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கண்ணாடி போடாவிட்டால் எதிரில் வருவது ஆளா மாடா என்று தெரியாது என்று அவளே சொல்வாள். “அந்தம்மாளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது!” என்று அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது. அன்றே பதில் எழுதினேன். நான் எழுதியதன் சாரம்:

‘எங்கள் வீட்டுக்கு வந்துள்ள வயதான விருந்தாளி ஒருவர், இங்குள்ள விதிகள் தெரியாமல், சாயம் கலந்த உணவுப்பொருளைச் சிந்திவிட்டார். வருந்துகிறேன். அவர் இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை ஊர் திரும்புகிறார். அன்றே தளம் சுத்தம் செய்யப்படும்.’

சாயத்தைச் சிவக்க வைத்தவன் நான். அது எழுதப்படவில்லை. அக்கா என்ற சொல்லும் எழுதப்படவில்லை. அவர்கள் மொழியில் அதற்குச் சொல் இல்லாமல் இல்லை. சங்கம் கொடுத்த கெடு அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகும் சில நாட்கள் இருந்தது. இருந்தும், அவள் போகிற நாளையே எழுதினேன். இரண்டும் ஒரே தேதியில் முடிந்தால் குறிப்பில் ஒழுங்காக இருக்கும் என்று தோன்றியது. உண்மையாகவே அதற்காகத்தான்.

5

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் வீட்டிலிருந்து புறப்பட்டால், அவர் போய்ச் சேரும் வரைக்கும் வாசலைக் கூட்டவோ கழுவவோ கூடாது. பிணத்தை எடுத்த வீட்டில்தான் பின்னாலேயே கழுவுவார்கள்.

மச்சானின் லாரி வடக்கே போனால் திரும்ப மூன்று வாரம் ஆகும். அவ்வளவு நாள் வாசலைப் போட்டுவைக்க முடியாது. ஆகவே அக்கா தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். லாரி கிளம்பியதும் அடுப்பில் உலை வைப்பாள். உலை கொதித்த பிறகுதான் விளக்குமாற்றை எடுப்பாள். கைப்பேசி வந்த பிறகு, முதல் டீக்கடையில் நிறுத்தி அவர் கூப்பிட வேண்டும். “டீ குடிச்சுட்டேன், கூட்டிக்க” என்பார். அவ்வளவுதான் பேச்சு.

நான் முதல் முறை அமெரிக்கா கிளம்பியது அக்கா வீட்டிலிருந்துதான். அப்போது நான் சென்னைக்குப் போய், விமானம் மாறி, இங்கே இறங்கி, ஒரு தொலைபேசியைக் கண்டுபிடித்துக் கூப்பிட இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் அவள் வாசலைத் தொடவில்லை. வேப்பிலைச் சருகும் லாரியின் எண்ணெயும் அப்படியே கிடந்தன. எதிர் வீட்டுக்காரி, “ஏனுங்கக்கா, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா? வாசல் இப்பிடிக் கெடக்குது?” என்று கேட்டாளாம்.

“தம்பி இன்னும் வானத்துல இருக்கறான்” என்று அக்கா சொன்னாளாம்.

அதை மச்சான் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். “உன்னால எங்கூட்டு வாசல் ரெண்டு நாள் நாறிப்போச்சு மாப்ள.”

மச்சானை எடுத்துக்கொண்டு போன அன்று நானும் கூட நடந்தேன். பின்னால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் பார்க்கவில்லை. சில மாதம் கழித்து அக்கா தொலைபேசியில் சொன்னாள்: “இத்தன வருசத்துல அவரு போய்ச் சேராம நா வெளக்கமாறு தொட்டதில்ல சாமி. அன்னிக்குத்தான் பின்னாலயே கழுவிட்டாங்க.”

அதையும் நான் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. இங்கேயும் ஒரு நாள், மனைவி வேலைக்குக் கிளம்பியதும் தாரணி தரையைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை எடுத்தபோது அக்கா தடுத்தாள். “இப்பத்தான உங்கம்மா கெளம்புனா? போய்ச் சேரட்டும் கண்ணு.” வேலையிலிருந்து தப்பிக்க நல்ல வழி கிடைத்தது என்று தாரணி அதன் பிறகு தினமும் அதையே சொன்னாள். நானும் சிரித்தேன்.

6

அந்தச் சனிக்கிழமை வெயில் நன்றாக இருந்தது.

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடிக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, காலையிலேயே கார் அறையில் வைத்துவிட்டேன். சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மனைவிக்கு வேலை நாள். அக்காவை விமான நிலையத்தில் விட நான் போவதாகத்தான் முதலில் பேச்சு. அக்காதான், “நா பூசணிக்கா ஒடச்ச வண்டியிலயே போறேன், தாரணியே ஓட்டட்டும்” என்றாள். பெட்டிகளை ஏற்றியதும் அந்தச் சிறிய காரில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. என் காரில் பின்தொடர்ந்து போயிருக்கலாம். போகவில்லை.

“நீ எதுக்குச் சாமி அலைஞ்சுக்கிட்டு? உனக்கு வேல இருக்குது” என்றாள் அக்கா. கார் அறைக்குள் அந்த இயந்திரம் நின்றதை அவள் பார்த்தாளா என்று தெரியாது. காலில் விழுந்தேன். தலையில் கை வைத்தாள். “வாரேன்” என்றாள்.

கார் தெருமுனையில் திரும்பியது. நான் காது மூடியையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு இயந்திரத்தை முடுக்கினேன். உலை கொதிக்கும் நேரம் அல்ல, உலை வைக்கும் நேரம்கூட ஆகியிருக்காது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் பட்ட இடமெல்லாம் சிவப்பு கரைந்து, சிமெண்டு புதிதுபோல வெளுத்து வந்தது. நேர்க்கோடாக, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி விடாமல் அடித்துக்கொண்டே தெருவை நோக்கிப் பின்பக்கமாக நகர்ந்தேன். சிவப்புத் தண்ணீர் என் காலடியில் ஓடித் தெருவோரச் சாக்கடைக்குள் இறங்கியது. காதில் எதுவும் விழவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். தாரணி. அவள் கையில் அக்காவின் கண்ணாடிக் கூடு. உள்ளே போய் எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தாள். அதுகூட எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால், டிரைவ்வே தெருவைத் தொடும் இடத்தில், அவளுடைய கார் நின்றது. அக்கா முன் இருக்கையில் இருந்தாள். காரின் ஜன்னல் கண்ணாடி இறக்கப்படவில்லை. வெயில் அதில் பட்டு மின்னியதில் எனக்கு அவள் முகம் தெரியவில்லை. சேலையின் வெளிர் நிறம் மட்டும் தெரிந்தது.

இயந்திரத்தை நிறுத்தினேன். காது மூடியைக் கழற்றினேன்.

தாரணி என் காலடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, தன் தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா, அத்தை இன்னும் போய்ச் சேரலப்பா.”

அவள் சொல்ல வந்தது விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்வதைத்தான். தமிழில் போய்ச் சேர்வது என்றால் வேறென்ன பொருள் உண்டு என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வாக்கியத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அவள் என்னிடம் பேசிய தமிழில் அதைப் போலப் பிழையில்லாத வாக்கியம் இன்னொன்று இல்லை.

நான் கையை அசைத்தேன், காரை நோக்கி. கையில் பீய்ச்சும் குழாய் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கார் கிளம்பியது.

மீதிக் கறையைக் கழுவவில்லை. கழுவாமல் இருந்ததில் ஒரு புண்ணியமும் இல்லை. முக்கால் பங்கு முடிந்திருந்தது.

7

அன்று மாலை, வாடகை இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, தாரணியிடம் கேட்டேன்.

“கண்ணாடிய அத்தை எப்பப் போட்டாங்க?”

“கையில கொடுத்தேன்.”

“குடுத்தவுடனே போட்டாங்களா?”

“நான் ரோட்டப் பாத்துட்டிருந்தேன்பா. நீங்கதான எப்பவும் ரோட்டப் பாருன்னு சொல்வீங்க.”

“வழியில ஏதாச்சும் சொன்னாங்களா?”

“மாமாவோட லாரி கதை சொன்னாங்க.” அவள் மாடிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு சில நாள் என்னிடம் “ம்” என்றும் “சரி” என்றும்தான் பேசினாள். டிரைவ்வேயை டிரைவ்வே என்றாள்.

அக்கா திங்கட்கிழமை கூப்பிட்டாள். பெங்களூரில் இறங்கி, காரில் சேலம் தாண்டி வீடு வந்துவிட்டாளாம். பின்னணியில் அவள் பேரனின் சத்தமும் தெருவில் ஏதோ லாரி பின்னோக்கி வரும் சத்தமும் கேட்டன.

“வந்து சேந்துட்டேன் சாமி” என்றாள். “இனி வாசலக் கூட்டிக்கலாம்.”

நான் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

“கேக்குதா?”

“கேக்குதுக்கா.”

“செரி, வெச்சர்றேன். தாரணியப் பாத்து ஓட்டச் சொல்லு.”

அவள் அதைத்தான் சொல்வாள். மச்சான் டீக்கடையிலிருந்து சொன்னதும் அதுதான். கைப்பேசி வந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒருவர் போய்ச் சேர்ந்தால் சொல்கிற சொல் அது. அதில் குத்தல் ஏதும் இருக்க வேண்டிய அவசியமில்லை. மன்னிப்பும் இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த ஆகஸ்டில் வா அக்கா என்று மறுபடி அழைத்திருக்கிறேன். “பாக்கலாஞ்சாமி” என்றிருக்கிறாள். முன்பும் முதலில் அப்படித்தான் சொன்னாள். ஆகவே அதை வைத்தும் ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை.

சங்கத்துக்கு நேற்று ஒரு திருத்தக் கடிதம் அனுப்பினேன். சாயம் சிவந்தது என் கைப்பிழையால். வந்திருந்தவர் விருந்தாளி அல்ல, என் அக்கா. அவர் சிந்தியது எதுவும் தவறுதலாகச் சிந்தியதல்ல. கறை நீக்கப்பட்டுவிட்டதால் இந்த விஷயம் முடிந்தது என்று பதில் வந்திருக்கிறது. கறை முழுதாக நீங்கவில்லை. தெருவை ஒட்டி ஒரு கை அகலம் இன்னும் இருக்கிறது. அங்கே நின்றுதான் அந்தக் கார் காத்திருந்தது.

காரில் உட்கார்ந்திருந்தபோது அக்கா கண்ணாடி போடாமல் இருந்தாள். அது உறுதி, ஏனென்றால் அதை எடுக்கத்தான் திரும்பி வந்தார்கள். தாரணி அதைக் கையில் கொடுத்ததும் உறுதி. கார் தெருமுனையில் திரும்புவதற்குள் அவள் அதைப் போட்டுக்கொண்டாளா, போட்டுக்கொண்டு திரும்பி வாசலைப் பார்த்தாளா என்பது இதை எழுதும் இன்று வரைக்கும் உறுதி செய்யப்படவில்லை. கேட்டால் சொல்லிவிடக்கூடிய ஆள் ஒருவர்தான் இருக்கிறார். அவரிடம் நான் கேட்கவில்லை.